மூட்டத்துக்கு மஞ்சள் லைட்

நவம்பர் 14, வெள்ளி

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

மலைமேல் போலீஸ் ஸ்டேஷனில் முப்பத்தெட்டு நாள் வெயிலிலும் மழையிலும் நின்ற மோட்டார் சைக்கிள். குட்டி யானை வேனில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டி, போடி வரைக்கும் கொண்டுவந்து இறக்கினார்கள். இறக்கியவர்கள் தண்ணீர் கேட்டார்கள். செம்பில் கொடுத்தேன். குடித்துக்கொண்டே ஒருவன், "முன்னாடி இம்புட்டு நசுங்கியிருக்கே, ஆளுக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டான். "இல்லை" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவனும் "சாமி புண்ணியம்" என்று செம்பைத் திருப்பிக் கொடுத்தான்.

முன்பக்கக் கண்ணாடி, தகடு, நடு லைட் எல்லாம் போய்விட்டன. கீழே கம்பியில் மாட்டியிருந்த இரண்டு எக்ஸ்ட்ரா லைட்டில் இடது பக்கத்தது இல்லை. வலது பக்கத்தது கீறல்கூட இல்லாமல் இருக்கிறது. அதன்மேல் ஏலக்காய்ச் சாக்கைப் போட்டு மூடினேன். மருமகள் வினோதா சாக்கை எடுக்க வந்தாள். "இருக்கட்டும்" என்றேன்.

இந்த டைரி என் மகன் வனராஜுடையது. டயர் கடையில் கொடுத்தது. ஜனவரியில் நாலு பக்கம் எழுதியிருக்கிறான். எந்த வளைவில் கல் சரிந்திருக்கிறது, எந்தக் கடையில் இட்லி சூடாக இருக்கும், இதெல்லாம். மற்றப் பக்கமெல்லாம் வெள்ளை. நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும். ஏலக்காய் ஸ்டோரில் பெட்டிக்குப் பெயர் எழுதுவது நான்தான். யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. அதனால் இதில் எழுதுகிறேன்.

என் பெயர் சீனியம்மாள். எழுதி வைக்கிறேன், எதற்கும் இருக்கட்டும்.

நவம்பர் 15, சனி

வேலைக்குப் போனேன். கறுத்த காயைப் பொறுக்கி நல்ல காயோடு போட்டேன், நல்ல காயைக் கறுத்ததோடு போட்டேன். மேஸ்திரி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

நவம்பர் 19, புதன்

என் மகன் செய்த வேலையை ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மதுரை, கோயமுத்தூரிலிருந்து பெரிய பெரிய மோட்டார் சைக்கிளில் ஆட்கள் வருவார்கள். இவன் தன் வண்டியில் முன்னால் போவான். அவர்கள் பின்னால் வரிசையாக வருவார்கள். போடிமெட்டு ஏறி, பூப்பாறை, மூணாறு, அப்படியே சுற்றிக் காட்டிக் கொண்டுவந்து விடுவான். "ரோட்டைக் காட்டவா காசு குடுக்குறாங்ய?" என்று பேச்சியக்கா கேட்பாள். அவள் என்னோடு காய் பொறுக்குபவள், பக்கத்து வீடு. "ரோடு எல்லாருக்கும் தெரியும் பெரியம்மா, எங்க நிக்கணும்னு எனக்குத்தான் தெரியும்" என்பான் வனராஜ்.

அக்டோபர் ஏழாம் தேதி அவன் வேலைக்காகப் போகவில்லை. பொண்டாட்டியைக் கூட்டிவரப் போனான். வினோதா பூப்பாறையில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். மறுநாள் பஸ்ஸில் வந்திருக்கலாம். இன்றைக்கே வந்து கூட்டிப் போங்கள் என்று போன் போட்டாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மூட்டம் இறங்கும் நேரத்தில் இவன் மலை ஏறினான். போடிமெட்டைத் தாண்டி மூன்றாவது வளைவில் எதிரே ஜீப் வந்துவிட்டது.

இதை நான் அவள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். காரியம் முடிந்த அன்று, ஆட்கள் இருக்கும்போதே சொன்னேன். "ஒரு நாள் பொறுக்க முடியலல்ல ஒனக்கு?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

சோறு ஆக்கி வைக்கிறேன். அவள் எடுத்துப் போட்டுச் சாப்பிடுகிறாள். அவள் அம்மா வந்து கூப்பிட்டும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று வினோதா வந்து நின்றாள்.

"அத்தே, டிசம்பர் இருபதாம் தேதிக்கு ஒரு குரூப்பு புக் ஆயிருக்கு. பத்துப் பேரு. பூராம் பொம்பளைங்க. அவரு இருக்கப்பவே பேசுனது."

"வரலன்னு சொல்லிரு."

"நான் போலாம்னு இருக்கேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும். வனராஜ்தான் கற்றுக்கொடுத்தான், ஏலக்காய் ஸ்டோர் பின்னால் இருக்கும் காலி இடத்தில். ஆனால் அந்த வண்டியில், அந்த ரோட்டில், அந்த வளைவைத் தாண்டி.

"ஒன்னயும் தூக்கிட்டு வரவா? தூக்கியாற எனக்குத் தெம்பில்ல" என்றேன்.

"நான் மெதுவாத்தேன் போவேன் அத்தே. இந்தத் தொழில விட்டா எனக்கு வேற என்ன இருக்கு? அவரு நம்பர்லதான் எல்லாரும் கூப்புடுறாங்க. நான்தானே எடுத்துப் பேசுறேன்."

அவன் போனை அவள்தான் வைத்திருக்கிறாள். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியாது. ஒவ்வொருவருக்கும் இவள்தான் சொல்கிறாள். அடுப்படியில் இருந்து கேட்டிருக்கிறேன். "அவரு இல்ல சார். இல்ல, வெளியூரு போகல சார்" என்பாள். எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று இன்றைக்குத்தான் யோசித்தேன்.

நவம்பர் 24, திங்கள்

வண்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன்.

நவம்பர் 27, வியாழன்

பேச்சியக்காவுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. பொறுக்குமிடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, சத்தமாகவே சொன்னாள்: "தாலி எறக்கி ரெண்டு மாசம் ஆகல, மருமக மோட்டார்ல ஊர்வலம் போறாளாம். நீ பின்னாடி ஒக்காந்து குடை புடி சீனி."

நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வினோதா மேல் வரவேண்டும். ஆனால் பேச்சியக்கா மேல் வந்தது. "அவ ஓட்டுனா ஒனக்கென்ன? ஒம் மருமகளுக்கு ஓட்டத் தெரியலன்னு வருத்தமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நானே அதிர்ந்துபோனேன்.

சாயங்காலம் பானையில் இருந்து சாவியை எடுத்து வினோதா முன்னால் வைத்தேன்.

"போறதுன்னா போ. ஆனா நல்ல லைட்டு போடாம நீ மலை ஏறக் கூடாது. லைட்ட நான் பாத்து வாங்குவேன்."

சாவியை எடுத்துத் துடைத்தாள். அரிசி மாவு ஒட்டியிருந்தது. "இதுக்குத்தேன் மூணு நாளாத் தேடுறேன்" என்றாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

அரை நாள் லீவு சொல்லிவிட்டு அப்பாஸ் கடைக்குப் போனேன். தேனி ரோட்டில் இருக்கிறது. வனராஜ் வண்டிக்கு என்ன போட்டாலும் அங்கேதான். அப்பாஸுக்கு நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். வண்டி நேற்றே அங்கே போய்விட்டது. தகடு, நடு லைட் எல்லாம் புதிதாகப் போட்டிருந்தார்.

"இருக்கறதுலயே பெரிய லைட்டா காட்டு தம்பி" என்றேன்.

"பெருசு எதுக்குக்கா?"

"நல்லாத் தெரியணும்."

அப்பாஸ் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார். பெட்டி பெட்டியாக எடுத்து வந்தார். எனக்குத் தெரியாததெல்லாம் இன்று தெரிந்துகொண்டேன். ஒரு வகை லைட் ஒல்லியாக நீளமாகப் போகும், தூரத்தைக் காட்டும், பக்கத்தைக் காட்டாது. இன்னொன்று பாய் விரித்தது போல அகலமாக விழும், பக்கத்துப் பள்ளமும் ஓரத்துக் கல்லும் தெரியும். மலைக்கு அகலம்தான் வேண்டும், வளைவில் தூரம் தெரிந்து என்ன செய்ய என்றார். சரியாகத்தான் பட்டது.

"வெள்ளை போடு. பளிச்சுன்னு இருக்கு" என்றேன்.

"அதான் எல்லாரும் பண்ற தப்பு. மூட்டமே வெள்ளை. அதுல வெள்ளை லைட்ட அடிச்சா சொவத்துல அடிச்ச மாதிரி நம்ம மூஞ்சிக்கே திரும்பி வரும். ஒண்ணும் தெரியாது. மஞ்சள் போட்டா கண்ணு கூசாம ரோடு தெரியும். அதுவும் கீழ, கார்டு கம்பில, முழங்காலுக்குக் கீழ மாட்டணும். மூட்டம் மேல மெதக்கும்க்கா, கீழ கொஞ்சம் விட்டிருக்கும்."

"அவனும் மஞ்சள்தான் போட்டிருந்தானா?"

"ஆமாக்கா. நான்தான் மாட்டுனேன். ஆயுத பூசைக்கு நாலு நாள் முன்னாடி."

மஞ்சள், அகலமாக விழுவது, உள்ளங்கை அளவு, இரண்டு என்று முடிவு செய்தோம். மதுரையில் இருந்து வரவேண்டும். மூன்று நாள் ஆகும் என்றார்.

வரும்போது, "நல்ல லைட்டுக்கா அது. எப்பிடித்தான் அப்பிடி ஆச்சுன்னு எனக்கு இன்னும்…" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

டிசம்பர் 5, வெள்ளி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

லைட் வந்துவிட்டது என்று அப்பாஸ் ஆள் விட்டார். போனேன். கழற்றி வைத்த பழைய சாமானெல்லாம் ஒரு டப்பாவில் கிடந்தன. அதில் அந்த வலது பக்க லைட்டும் இருந்தது.

"இது நல்லாத்தான் இருக்கும் போல. எரியுதான்னு பாப்போம். எரிஞ்சா வீட்டுல வச்சுக்கங்க" என்று சொல்லி, பேட்டரியில் இரண்டு வயரைத் தொட்டார்.

எரிந்தது. கடைக்குள் இருட்டாக இருக்கும் அந்த மூலைச் சுவரைப் பார்த்துப் பிடித்தார். சுவரில் ஒரு வட்டம்கூட விழவில்லை. லைட்டின் முகத்தில் மட்டும் ஒரு சிவந்த கறை தெரிந்தது. மூடி போட்ட விளக்கு மாதிரி.

"அட" என்று திருப்பிப் பார்த்தார். கண்ணாடி முழுக்கச் சந்தனம். நடுவில் குங்குமம். நகத்தால் சுரண்டினார். வரவில்லை. தண்ணீர் தொட்டுத் தேய்த்தார். வரவில்லை. பிளேடை எடுத்துச் சுரண்டினார். சுண்ணாம்பு மாதிரிச் செதில் செதிலாக வந்தது.

"இது என்னக்கா, சந்தனமா சிமெண்டா? இம்புட்டு மழைக்குக் கரையாம இருக்கு."



சுரண்டிவிட்டு மறுபடியும் வயரைத் தொட்டார். சுவர் பூராவும் மஞ்சளாகப் பரவியது. மூலையில் இருந்த சிலந்திக் கூடு வரைக்கும் தெரிந்தது.

அப்பாஸ் லைட்டை அணைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பூசை முடிஞ்சு மூணாம் நாள் செயின் டைட்டு வைக்க வந்தாரு. மூணு லைட்டுலயும் இத பாத்தேன்க்கா. தொடைங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நான் ஒரு பாய். நீங்க பூசைல வச்ச பொட்ட அழின்னு நான் சொன்னா நல்லாவா இருக்கும்? ஒங்க வீட்டு விசயம்னு விட்டுட்டேன்."

"தானாக் கரைஞ்சிரும்னு நெனச்சிருப்ப" என்றேன்.

"ஆமாக்கா. சந்தனந்தானே, ரெண்டு மழைல போயிரும்னு நெனச்சேன். யார் வச்சதோ, பாவம். நல்லதுக்குத்தான் வச்சிருப்பாக."

"ஆமா" என்றேன்.

போன வருடம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் மறுநாள் மழையிலேயே போய்விட்டது. அந்த வாரமே வனராஜ் கீழே விழுந்து கையில் மாவுக்கட்டு போட்டான். பொட்டு கரைந்ததால்தான் என்று நான் அழுதேன். இந்த வருடம் கரையக் கூடாது என்று, ஸ்டோரில் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வெள்ளைப் பசையைக் கொஞ்சம் கிண்ணத்தில் கொண்டுவந்து சந்தனத்தோடு குழைத்தேன். மூன்று லைட்டுக்கும் மூன்று விரலால் அகலமாகப் பூசினேன். "ஒம்பது நாளைக்குத் துடைக்காதடா" என்றேன். "நீ வச்சதத் தொடைப்பனாம்மா?" என்றான்.

ஆறாம் நாள் போய்விட்டான்.

டிசம்பர் 6, சனி

வேலைக்குப் போகவில்லை. வினோதா கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன்.

டிசம்பர் 8, திங்கள்

ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். எஸ்டேட் வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பெல்லாம் அங்கேதான் நிற்கும். சுருளிவேலைத் தேடினேன். அந்த ஜீப்பை ஓட்டியவன். கேஸ் நடக்கிறது. என்னைப் பார்த்ததும் வண்டியை விட்டு இறங்கி ஓடப் பார்த்தான்.

"நில்லு. ஒன்ன ஒண்ணும் செய்ய வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

நின்றான். முப்பது வயது இருக்கும். முகமெல்லாம் வற்றிப்போய் இருந்தது.

"அன்னைக்கு நீ என்னத்தப் பாத்த? ஒள்ளது சொல்லு."

"போலீஸ்ல சொன்னதுதான்க்கா. மூட்டம்னா மூட்டம், எம் பேனட்டு எனக்குத் தெரியல. வளைவுல கொஞ்சம் வலது பக்கம் ஏறித்தான் வந்தேன். அது என் தப்புதான், நான் இல்லேங்கல. ஆனா எதிர்ல வண்டின்னு தெரிஞ்சிருந்தா ஏறியிருக்க மாட்டேன். என்னமோ மங்கலா ஒரு கறை மாதிரி தெரிஞ்சுச்சு. தூரத்துல டீக்கடை பல்புன்னு நெனச்சேன். பக்கத்துல வந்தப்பறம்தான்…"

நான் அவன் தோளில் கையை வைத்தேன். வைக்க வேண்டும் என்று நினைத்து வைக்கவில்லை. கை தானாகப் போனது. சுற்றி நின்ற டிரைவர்களெல்லாம் எங்களையே பார்த்தார்கள்.

டிசம்பர் 9, செவ்வாய்

சொல்லவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

வினோதாவிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் தடவை அவள் போனில் அந்தப் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டைகளை. "என்னத்தே?" என்றாள். "உப்பு இருக்கான்னு பாரு, தீந்துருச்சு" என்றேன். உப்பு நிறைய இருந்தது.

சாயங்காலம் வாசலில் தண்ணீர் கொட்டிவிட்டாள் என்று அவளைத் திட்டினேன். "எதுக்கும் பொறுமை கெடையாது ஒனக்கு. பொறுமை இருந்திருந்தா…" என்று பழையபடி ஆரம்பித்தேன். நாலு நாளாக நான் திட்டவே இல்லை. திட்டாவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வரும் என்று தோன்றியது.

திட்டி முடித்ததும் வாயெல்லாம் கசந்தது. அவள் எப்போதும் போலத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

இன்று லைட் மாட்டினார்கள். வினோதாவும் நானும் போனோம்.

அப்பாஸ் நிதானமாக வேலை செய்தார். லைட்டுக்கான வயரை நேரே சுவிட்சுக்குக் கொண்டு போகக் கூடாதாம். நடுவில் ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி வைத்தார். பாரத்தை அது தாங்கும், சுவிட்சு சூடாகாது. பேட்டரி பக்கத்தில் பியூஸ் ஒன்று. எங்கேயாவது வயர் உரசினால் அது மட்டும் போகும், வண்டி தீப்பிடிக்காது. சுவிட்சை இடது கைப் பெருவிரல் படும் இடத்தில் வைத்தார். "கைப்பிடிய விடாமப் போடணும், அணைக்கணும். மூட்டத்துல மட்டும் போடுங்க. சும்மா ரோட்டுல போட்டா எதிர்ல வர்றவன் கண்ணு கூசும். அவனும் ஒரு வீட்டுப் புள்ளதான்" என்றார்.

வினோதா கேள்வி மேல் கேள்வி கேட்டாள். மேட்டில் ஏறும்போது லைட் மேலே தூக்குமா, பின்னால் ஆள் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்றெல்லாம். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கடையைச் சாத்தி இருட்டாக்கி, சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வண்டியை இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்தினார்கள். அவளை வண்டியில் உட்காரச் சொல்லி, கோட்டுக்கு மேலே வெளிச்சம் ஏறாமல் திருகித் திருகி வைத்தார்.

அப்பாஸ் என்னைப் பார்த்தார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். போகும்போது ஒரு மெல்லிய துணியை மடித்து வினோதாவிடம் கொடுத்தார். "சேறு அடிக்கும். எங்க நின்னாலும் கண்ணாடியத் தொடச்சிருங்க. மொத வேலை அதுதான்."

"தெரியும்ண்ணே" என்றாள் வினோதா.

அவள் அதைச் சொன்ன விதம் என்னவோ போல் இருந்தது.

டிசம்பர் 19, வெள்ளி

நாளைக்குப் போகிறாள். இன்றும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது, அவள் நிம்மதியாக ஓட்டட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது பொய். என்னை அவள் எப்படிப் பார்ப்பாள் என்று பயமாக இருக்கிறது. இந்த வீட்டில் இப்போது என்னைப் பார்க்க அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

டிசம்பர் 20, சனி, மத்தியானம்

பூப்பாறையில், வினோதாவின் அம்மா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் இங்கே வருவேன் என்று நேற்று நினைக்கவில்லை.

காலையில் ஆறேகாலுக்கு வினோதா வண்டியை வாசலில் நிறுத்தினாள். ஏழு மணிக்கு பெட்ரோல் பங்கில் அந்தப் பத்துப் பேரும் வந்துவிடுவார்கள். வனராஜின் ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள். கை நீளமாக இருந்ததால் மடித்து விட்டிருந்தாள்.

பேச்சியக்கா வந்தாள். ஏச்சுதான் வாங்கப் போகிறோம் என்று நினைத்தேன். கையில் தட்டு வைத்திருந்தாள். எலுமிச்சம்பழம், குங்குமம், கிண்ணத்தில் சந்தனம். "ஏதோ பேசுனேன், மனசுல வச்சுக்காத சீனி. புது லைட்டு போட்டு மொதமொத மலை ஏறுது புள்ள. வெறும் வண்டியாவா அனுப்புவ?" என்று சொல்லிக்கொண்டே சந்தனத்தை விரலில் எடுத்து லைட்டுப் பக்கம் குனிந்தாள்.

தட்டைத் தட்டிவிட்டேன்.

தட்டு வாசலில் உருண்டு போய் விழுந்தது. எலுமிச்சம்பழம் சாக்கடை வரைக்கும் ஓடியது. பேச்சியக்கா கையை உதறிக்கொண்டு நின்றாள். "ஏய், ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?"

அப்போதுதான் சொன்னேன். வினோதாவைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. லைட்டைப் பார்த்துச் சொன்னேன். பசை போட்டுக் குழைத்தது, மூன்று லைட்டிலும் பூசியது, அப்பாஸ் கடையில் சுரண்டிப் பார்த்தது, சுருளிவேல் சொன்னது, எல்லாம். "நீ கூப்புட்டதால இல்லம்மா. என்னாலதான். தெரிஞ்சு ரெண்டு வாரமாச்சு. தெரிஞ்சும் ஒன்னத் திட்டுனேன்" என்றேன்.

வினோதா ஹெல்மெட்டைக் கழற்றி வண்டி மேல் வைத்தாள்.

"எனக்குத் தெரியும்த்தே."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு மெட்டுல டீக்கடையில நின்னு எனக்குப் போன் பண்ணாரு. 'லைட்டே விழல வினோ. இந்தச் சந்தனத்தச் சுரண்டி எறிஞ்சிரட்டுமா'ன்னு கேட்டாரு. நான்தான் வேணாம்னேன். போன வருசம் கரைஞ்சதுக்கே அத்தே எம்புட்டு அழுதாக, இப்ப நீங்களே சுரண்டுனீங்கன்னு தெரிஞ்சா மனசு விட்டுரும், மெதுவா வாங்கன்னேன். சரின்னாரு."

வண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க வச்ச சந்தனத்தாலதான்னு ஒங்களுக்கும் தெரிஞ்சுபோகுமேத்தே." அவள் குரல் சாதாரணமாக இருந்தது. கடையில் சாமான் சொல்வது போல. "நீங்க திட்டுறப்பல்லாம், வேற காரணத்துக்குத்தான் திட்டுனீக. இருந்தாலும் எனக்கு வேண்டியதுதான்னு வாங்கிக்கிட்டேன். யாராவது திட்டணும் போல இருந்துச்சு. அம்மா வீட்டுக்குப் போனா திட்ட மாட்டாகல்ல."

பேச்சியக்கா குனிந்து தட்டை எடுத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். பேசாமல் அவள் போனதை இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் வண்டிக்கு இரண்டு பக்கமும் நின்றோம். அவளுடைய போன் அடித்தது. எடுத்தாள். "வந்துட்டே இருக்கோம் மேடம், பத்தே நிமிசம்" என்றாள்.

வீட்டுக்குள் போய் இந்த டைரியை எடுத்து முந்தானையில் சுற்றினேன். வீட்டைப் பூட்டினேன். அவனுடைய இன்னொரு ஹெல்மெட் ஆணியில் தொங்கியது. எடுத்து மாட்டினேன்.

"எங்கத்தே?"

"ஒங்க அம்மா வீட்டுல எறக்கி விட்டுரு. நீ மூணாறு போயிட்டு வர்ற வரைக்கும் அங்க இருக்கேன்."

"சேலையோட எப்பிடி ஏறுவீக? வண்டி ஒசரம்."

"நீ வண்டியப் புடி. நான் ஏறுறேன்."

மூன்றாவது முயற்சியில் ஏறினேன். பங்கில் நின்ற பெண்களெல்லாம் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள். ஒருத்தி, "நீங்களும் கைடா ஆன்ட்டி?" என்று கேட்டாள். "ஆமாங்க, அவுங்கதான் சீனியரு" என்றாள் வினோதா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனா என்று நினைவில்லை.

போடிமெட்டு வரைக்கும் வெயில் இருந்தது. செக்போஸ்ட் தாண்டியதும் மூட்டம் மேலே வந்து விழுந்தது. பின்னால் வந்த பத்து வண்டியும் கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. வினோதா ஓரமாக நிறுத்தினாள். இறங்கி, அந்தத் துணியால் நடு லைட்டையும் கீழே இரண்டு லைட்டையும் துடைத்தாள். பின்னால் வந்தவர்களையும் துடைக்கச் சொன்னாள். ஏறி உட்கார்ந்து பெருவிரலால் சுவிட்சைத் தட்டினாள். ரோட்டின் இரண்டு ஓரமும் மஞ்சளாகத் தெரிந்தன. ஓரத்துப் புல் தெரிந்தது.

முதல் வளைவு. இரண்டாம் வளைவு. நான் அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தேன். மூன்றாவது வளைவு என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வேகத்தைக் குறைத்தாள். ஆரன் அடித்தாள்.

எதிரே ஒரு லாரி வந்தது. நடு ரோட்டில்தான் வந்தது. நாங்கள் வளைவில் திரும்புவதற்கு முன்னாலேயே அது வேகம் குறைந்து, தன் பக்கம் ஒதுங்கி, மண்ணில் ஒரு சக்கரத்தை இறக்கி நின்றுவிட்டது. பக்கத்தில் போகும்போது டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிப் போகச் சொன்னான். யாரோ ஒருவன். வாயில் வெற்றிலை.

அவனுக்கு நாங்கள் வருவது தூரத்திலேயே தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.